இரண்டு டேக்குகளுக்கு நடுவே

1. கோடு நேரான பிறகு

அந்தப் பாட்டில் என் வேலை குறையில்லாமல் அமைந்தது. பிரச்சினை வந்ததும் அதனால்தான்.

நான் வோக்கல் எடிட்டர். கொச்சியின் மட்டாஞ்சேரி பஜாரில், சுக்கும் மிளகும் அடுக்கி வைக்கிற பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் எங்கள் ஸ்டுடியோ இருக்கிறது. சினிமாப் பாட்டை யாரும் ஒரே மூச்சில் பாடிவிட்டுப் போவதில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு டேக். இதில் ஒரு வரி, அதில் அரை வரி என்று நல்லதாகப் பார்த்து எடுத்து ஒட்டுவதற்குக் காம்பிங் என்று பெயர். சுரம் விலகிய இடத்தைச் சரியாக்குவது ட்யூனிங். இருமல், உதட்டுச் சத்தம், காகிதச் சலசலப்பு ஆகியவற்றை நீக்குவது க்ளீனிங். மூன்றும் என் வேலை. பாட்டைக் கேட்கிறவர்களுக்கு இப்படி ஒருத்தி இருப்பது தெரியக்கூடாது. தெரிந்தால் வேலை சரியில்லை.

ஸ்டுடியோவின் முதலாளியும் மிக்ஸிங் என்ஜினீயருமான சாபு சேட்டன் பல வருஷம் சென்னையில் வேலை பார்த்தவர். அங்கே அவருக்குப் பழக்கமானவர் அநிகேத் என்ற மராட்டி இசையமைப்பாளர். மும்பையில் பதிவு செய்த தன் படப் பாட்டுகளை எடிட்டிங்குக்கும் மிக்ஸிங்குக்கும் எங்களுக்கு அனுப்புவார். அப்படித்தான் மராட்டிப் பாட்டு என் ஹெட்போனுக்குள் வந்தது.

பிரச்சினைக்குரிய பாட்டைப் பாடியவர் சரயு. ஒரு காலத்தில் மராட்டிப் படங்களில் பின்னணி பாடியவர். பிறகு பெரிய பாடகிகள் எல்லாப் பாட்டையும் பாடத் தொடங்க, இவரைக் கூப்பிடுவது குறைந்து, நின்றுபோனது. சிறு வயதில் ரேடியோவில் இவர் குரலைக் கேட்ட ஞாபகத்தில் அநிகேத் தேடிப்பிடித்து அழைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாய்க்கான பாட்டு. இளங்குரல் அதற்கு ஒட்டாது என்பது அவர் எண்ணம்.

ஆனால் சரணத்தின் மூன்றாவது வரி உச்சத்துக்கு ஏறும். அங்கே ஒவ்வொரு டேக்கிலும் சரயுவின் குரல் சுரத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. "சரி பண்ண முடியலைன்னா ட்ராக் பாடின பொண்ணோட குரலையே வெச்சிடுறேன்" என்று அநிகேத் ஹிந்தியில் சொல்லிவிட்டார்.

ட்ராக் என்பதைச் சொல்ல வேண்டும். மெட்டு அமைந்ததும் ஓர் இளம் பாடகியை வைத்து மாதிரிக்குப் பாட்டைப் பதிவு செய்வார்கள். அந்தக் குரலை வைத்துக்கொண்டே வயலின், புல்லாங்குழல் எல்லாம் வாசித்து முடிப்பார்கள். கடைசியில் பெயர்பெற்ற பாடகர் வந்து பாடியதும் முதல் குரலை எடுத்துவிடுவார்கள். இந்தப் பாட்டிலும் அப்படி ஒரு பெண்ணின் குரல் தயாராக இருந்தது.

எங்கள் மென்பொருளில் பாடும் குரல் ஒரு கோடாகத் தெரியும். சரயுவின் கோடு தாழ்ந்த இடங்களைத் தூக்கினேன். நடுங்கிய இடங்களை நிறுத்தினேன். வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். 'முடியவில்லை' என்று சொல்லி ஒரு பாட்டைத் திருப்பி அனுப்பியதில்லை. இதையும் முடித்து அனுப்பினேன்.

மறுநாள் சாபு சேட்டன் என் அறைக் கதவைத் திறந்தார்.

"எடீ செல்வி, அநிகேத் விளிச்சான். பர்ஃபெக்ட்டாம்."

"அப்ப?"

"அதுதான் அவனுக்குப் பிடிக்கல. இதுல சரயு எவிடேன்னு கேட்டான். நீ அவ்வளவும் நேராக்கியாச்சு. இப்ப இது யாரு பாடினாலும் இப்படித்தான் இருக்கும். பின்னே எதுக்குச் சரயு, அந்தச் சின்னப் பொண்ணு போதுமேன்னு பறஞ்ஞான்."

"சேட்டா, தாழ்ந்திருந்தா தாழ்ந்திருக்குங்கிறார். தூக்கினா ஏன் தூக்கினேங்கிறார்."

"வெள்ளிக்கிழம வரைக்கும் டைம் கேட்டு வெச்சிருக்கேன். நோக்கு."

2. பதில் வராத கேள்வி

என் அறையைப் பற்றிச் சொன்னால்தான் அடுத்தது புரியும். ஜன்னல் கிடையாது. சத்தம் புகாமலிருக்கச் சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்துத் துணி போர்த்தியிருக்கும். காலையில் பள்ளுருத்தியிலிருந்து பஸ் பிடித்து வந்து உள்ளே உட்கார்ந்தால், கூரைமேல் மழை கொட்டினாலும் எனக்குத் தெரியாது. மற்ற என்ஜினீயர்கள் எல்லாரும் ஆண்கள். சாயா குடிக்கக் கூட்டமாகக் கீழே இறங்குவார்கள். முதலில் என்னையும் கூப்பிட்டார்கள். நான் போய் நின்றால் பேச்சு மாறிவிடும். பிறகு அவர்கள் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

வீட்டிலும் இந்த வேலையைப் பற்றிப் பேச முடியாது. அப்பா கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எம் மவ பாட்டக் கழுவுறா. நான் ஓடயக் கழுவினேன், அவ பாட்டக் கழுவுறா. ஏசி ரூமுல இருந்துட்டு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் என் வேலையை இத்தனை சரியாக வேறு யாரும் சொன்னதில்லை. அதற்கு மேல் அவருக்கோ அம்மாவுக்கோ என்ன சொல்வது என்று தெரியவில்லை. நாங்கள் தமிழ்க் குடும்பம் என்றாலும் நான் படித்தது மலையாளம் மீடியத்தில். தமிழ் எழுத்தை நானாகக் கற்றேன். வீட்டில் எந்த எழுத்தும் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஆகையால் ஒரு நாளில் என் காதுக்கு நெருக்கமாகப் பேசுவது, யாரோ ஒரு பாடகர் இரண்டு டேக்குகளுக்கு நடுவில் பேசும் பேச்சுத்தான். பதிவு செய்கிறவர் பெரும்பாலும் நடுவில் நிறுத்துவதில்லை. பாடகர் தண்ணீர் கேட்பது, தொண்டையைச் செருமுவது, அலுத்துக்கொள்வது எல்லாம் ஃபைலில் வந்துவிடும். ஆனால் பாடும் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பேசுவது வேறு வழியாகப் பாடகரின் ஹெட்போனுக்குப் போகும். அது பதிவாகாது. எனக்குக் கேள்வி மட்டும் கேட்கும், பதில் கேட்காது.

சரயு ஒவ்வொரு டேக் முடிந்ததும் "பரா ஜாலா கா?" என்பார். எனக்கு மராட்டி தெரியாது. என்ன கேட்கிறார் என்பது தொனியிலேயே தெரிந்தது. பிறகு நிசப்தம். ஒரு பெருமூச்சு. அடுத்த டேக்.

எந்த டேக்கிலிருந்து என்று ஞாபகமில்லை, நான் பதில் சொல்லத் தொடங்கியிருந்தேன். "நல்லா இருந்துச்சும்மா." "இது முந்தினதவிட நல்லா இருக்கு." வாய்விட்டுச் சொல்வேன். பஞ்சு போர்த்திய சுவர் அதை வாங்கிக்கொள்ளும்.

எங்கள் கிடங்குக்குப் பக்கத்துச் சந்தில் பழைய நகையை உருக்கித் தங்கத்தைச் சுத்தம் செய்யும் கடைகள் உண்டு. நடத்துபவர்கள் மகாராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். ஸ்வப்னா அப்படி ஒரு வீட்டுப் பெண். பள்ளியில் என்னோடு படித்தவள். வீட்டில் மராட்டி, தெருவில் மலையாளம், என்னிடம் மட்டும் என்னிடமே கற்ற தமிழ். நான் எதையாவது விட்டிருக்கிறேனா என்று பார்க்க, புதன்கிழமை மதியம் அவளைக் கூட்டி வந்து ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

"ஒவ்வொரு டேக் முடிஞ்சும் கேக்குறாங்களே, அது என்னடீ?"

"நல்லா வந்துச்சான்னு."

"நான் நெனச்சது சரி. அதுக்குத்தான் பதில் சொல்லிட்டிருந்தேன்."

"யாருகிட்ட?"

"இவங்ககிட்டதான்."

ஸ்வப்னா ஹெட்போனை ஒரு பக்கம் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "உனக்கு வட்டுதான் செல்வி, முழுப் பைத்தியம். சுவரப் பாத்துப் பேசிட்டு இருக்க. பேசாம ஒரு கல்யாணம் பண்ணிக்கோ. அவனும் இதேபோல, கேட்டதுக்குப் பதில் பேசமாட்டான். இப்பவே பழகியாச்சு உனக்கு."

"நீ வேலயப் பாரு."

கேட்டுக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் சிரிப்பை நிறுத்தினாள். எட்டாவது டேக்குக்குப் பிறகு. அங்கே சரயு கேள்வி எதுவும் கேட்காமல் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வார்.

"ஆவாஜ் கேலா" என்றாள் ஸ்வப்னா.

"அப்படின்னா?"

"குரல் போச்சு. யாருகிட்டயும் சொல்லல. தனக்கே சொல்லிக்குறாங்க."

3. எண் இல்லாத டேக்

ஸ்வப்னா போன பிறகு அந்த இடத்திலிருந்து மறுபடி கேட்டேன். அதுவரை டேக் எண்களை மட்டும் திறந்து வேலை செய்திருந்தேன். நடுப்பகுதிகளில் பேச்சு முடிந்ததும் அடுத்த டேக்குக்குத் தாவிவிடுவேன், பாட்டைத் தேடியதில்லை.

கதவு திறக்கும் சத்தம். யாரோ வெந்நீர் எடுக்கப் போகிறார்கள். இசை நின்றுவிட்டது. மைக் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. சரயு ஒருமுறை செருமிவிட்டுச் சரணத்தைத் தொடங்கினார். துணைக்கு எதுவும் இல்லாமல், யாருக்கும் இல்லாமல், மெதுவாக. மூன்றாவது வரி வந்தது. ஏறினார். உச்சத்தில் போய்ச் சரியாக நின்றார்.

திரையில் கோட்டைப் பார்த்தேன். ஓரிடத்திலும் விலகல் இல்லை. நான் தொட வேண்டிய ஒரு புள்ளிகூட இல்லை. நடுக்கம் இருந்தது, அது நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கியது.

அதன்பிறகுதான் சுருதியைப் பார்த்தேன். நாலு கட்டை. பாட்டு போடப்பட்டிருந்ததோ ஐந்தரைக் கட்டையில். அது ட்ராக் பாடிய இளம் பெண்ணின் சுருதி. அவள் குரலுக்கு ஏற்றபடி வயலின் வாசித்து முடித்துவிட்டார்கள். பிறகு இறக்க முடியாது. சரயுவை அழைத்து வந்து அதே உயரத்தில் நிற்க வைத்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் இது அடிக்கடி நடக்கிற தப்பு. ட்ராக் பாடுகிறவரின் சுருதி, ஆளுக்கு ஆள் கைமாறி, கடைசியில் பாட்டின் சுருதியாகவே ஆகிவிடும். யாருடையது என்று யாரும் திரும்பிக் கேட்பதில்லை.

சாபு சேட்டனைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். முடியும்வரை நின்றுகொண்டே கேட்டார்.

"என்ட அம்மே" என்றார். பிறகு, "எந்த டேக் இது?"

"டேக் இல்ல சேட்டா. நடுவுல பாடினது. சரணத்துல வயலினையெல்லாம் நிறுத்திட்டா இத அப்படியே வெக்கலாம். வெறும் குரல். திரும்பப் பல்லவி வரும்போது ஒரு புல்லாங்குழல் பிட் வெச்சு சுருதிய மேல கொண்டுபோயிடலாம். நான் ஒட்டிப் பாத்துட்டேன், சரியா இருக்கு."

சாபு சேட்டன் அநிகேத்துக்குப் போனிலேயே போட்டுக் காட்டினார். அநிகேத் அதைப் பட இயக்குநருக்குப் போட்டுக் காட்டினார். சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

"உடனே அனுப்பு" என்றார் அநிகேத் ஸ்பீக்கர் போனில்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுடலாம் சார்."

"கேக்க என்ன இருக்கு? நம்ம மைக், நம்ம ஸ்டுடியோ, நம்ம பாட்டு. அவங்க குரல் படத்துல இருக்கப்போகுது. சந்தோஷப்படுவாங்க."

சாபு சேட்டன் என்னைப் பார்த்தார். டேக்குக்கு வெளியே வரும் எதுவும் பாடுகிறவருக்குச் சொந்தம், அதை வெளியே விடக்கூடாது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் அவர்தான். இப்போது அவரே, "நல்லதுக்கல்லே, அயச்சேக்கு" என்று, அனுப்பிவிடச் சொல்லி முணுமுணுத்தார்.

எனக்குக் கை வரவில்லை. அந்த அறையில் தனியாக உட்கார்ந்து நான் சுவரோடு பேசியதை யாராவது பதிவு செய்து வைத்திருந்தால் என்ற நினைப்பு வந்தது. அதை எத்தனை அழகாக எடிட் செய்து கொடுத்தாலும் நான் சும்மா இருக்கமாட்டேன்.

"கேக்காம அனுப்பமாட்டேன் சார்" என்றேன்.

"அப்ப நீயே கேளு" என்று அநிகேத் சரயுவின் எண்ணைக் கொடுத்தார். "அவங்க வேண்டாம்னு சொன்னா வெள்ளிக்கிழமை ட்ராக் குரல் போகும். அதுக்கு நீதான் காரணம்."

4. கொச்சியில் என்ன வேலை

வியாழக்கிழமை காலையில் அழைத்தேன். ஹிந்தி தடுக்கினால் உதவிக்கு என்று ஸ்வப்னா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் உதவி தேவைப்படவில்லை.

"யாரு நீ? ரெக்கார்டிங் அன்னிக்கு அங்க இருந்த பொண்ணா?"

"இல்லம்மா. நான் கொச்சியில இருக்கேன். உங்க பாட்ட எடிட் பண்றேன்."

"கொச்சியா? என் பாட்டுக்குக் கொச்சியில என்ன வேலை?"

ஸ்வப்னா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விளக்கினேன். நடுவில் பாடிய சரணத்தைப் பற்றியும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்துக் குரல் மாறியது.

"அந்த ரூம்ல யாருமே இல்லையே."

"மைக் ஓடிட்டு இருந்துச்சும்மா."

"அப்ப நான் இருமினத எல்லாம் கேட்டியா?"

"கேட்டேன்."

"தண்ணி கேட்டத?"

"ஆமா."

"வேற என்ன கேட்ட?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "குரல் போச்சுன்னு சொன்னீங்க."

பின்னால் எங்கோ குக்கர் விசில் அடித்தது.

"அது நான் எனக்குப் பாடிப் பாத்தது" என்றார் சரயு. "உள்ள ஏதாவது மிச்சம் இருக்கான்னு தொட்டுப் பாத்தது. அத எடுத்துத் தியேட்டர்ல போடுவீங்களா? வேண்டாம். அழிச்சிடு."

"அழிச்சிடுறேன். ஆனா ஒண்ணு சொல்லணும்மா. அது போடலைன்னா பாட்டு ட்ராக் பாடின பொண்ணுக்குப் போயிடும்."

"போகட்டும். அவளாவது எட்டிப் பாடுறா."

"அது அவளோட சுருதி. ஐந்தரைக் கட்டை. உங்க பக்கம் என்ன சொல்வீங்க... ஆர்மோனியத்துல நாலாவது கறுப்புக் கட்டை."

"நாங்க காளி சார்னு சொல்வோம், கறுப்பு நாலு. தெரியும். ஹெட்போன மாட்டினதும் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"அந்தக் காலத்துல காளி சார் எனக்கு ஒரு விஷயமே இல்ல. எத்தனையோ வருஷம் கழிச்சு கூப்பிட்டிருக்காங்க. வாசல்ல கால் வெச்சதும், கொஞ்சம் இறக்குங்கன்னு கேக்கவா? கிழவின்னு நெனப்பாங்க. ஏறிடலாம்னு நெனச்சேன்."

அந்த ஒன்றை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டே நானும் படித்து வந்தவள்.

"நீங்க தனியாப் பாடினது நாலாவது வெள்ளைக் கட்டை" என்றேன்.

"பாண்டரீ சார்? வெள்ளை நாலா?"

"அதுல ஒரு இடம்கூட விலகல. எனக்குத் திரையில கோடு தெரியும். நான் எதையும் தொடல."

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றியா?"

"ஆறுதல் சொல்றது என் வேலை இல்லம்மா. தப்பைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. தேடிப் பாத்துட்டேன். இல்ல."

போனில் அவர் அந்தச் சுருதியை மெல்ல முனகிப் பார்ப்பது கேட்டது.

"நீ அத அழி" என்றார். "அந்தப் பையன் அநிகேத்கிட்டச் சொல்லு. பாண்டரீ சார்ல பாடுறேன். வயலின் வேண்டாம், நீ சொல்றியே அதேபோல வெறும் குரல். ஆனா நான் 'ம்' சொன்னா மைக் ஓடணும், 'போதும்'னா நிக்கணும். நடுவுல ஒரு நொடி ஓடக்கூடாது."

போனை வைத்ததும் அந்தப் பகுதியை அழித்தேன், மும்பையில் இருக்கும் மூலப் பதிவிலும் அழிக்கும்படி அநிகேத்திடம் சொன்னேன். அநிகேத் போனில் கத்தினார். கையில் இருந்ததையும் கெடுத்துவிட்டேன் என்றார். சாபு சேட்டன் போனை வாங்கி, "எடா, டைரக்டருக்கு வெறும் குரல்தானே இஷ்டப்பட்டது. அவங்க வந்து பாடட்டே" என்று மட்டும் சொன்னார்.

வெறும் குரல்தான் வேண்டும் என்று இயக்குநர் நின்றதால் வெள்ளிக்கிழமைக் கெடு தள்ளிப்போனது.

5. வந்த ஃபைல்

அடுத்த வாரம் மும்பையிலிருந்து ஃபைல் வந்தது. மூன்று டேக். ஒவ்வொன்றும் சரணத்தின் முதல் எழுத்தில் தொடங்கி, கடைசி எழுத்து அடங்கியதும் முடிந்துவிட்டது. இரண்டாவது டேக்கை அப்படியே எடுத்தேன். ட்யூனிங் தேவைப்படவில்லை. க்ளீன் செய்யவும் எதுவும் இல்லை. நன்றாக வந்ததா என்று அவர் யாரையாவது கேட்டிருப்பார். அது இப்போது எனக்கு வராது.

ட்ராக் பாடிய பெண்ணின் குரலை மியூட் செய்ததும் நான்தான். உச்சத்தில் அவள் குரல் தெளிவாக, அலுப்பில்லாமல் இருந்தது. சரயு பாட முடியாமல் போனால் அந்தப் பாட்டு தன்னுடையதாகும் என்று யாராவது அவளிடம் சொல்லியிருப்பார்கள். அவள் பெயர் எனக்குத் தெரியாது. ஃபைலில் 'ட்ராக்' என்று மட்டும் இருந்தது.

படம் இங்கே தியேட்டருக்கு வரவில்லை. ஸ்வப்னா வீட்டில் போனில் பாட்டைப் போட்டுக் கேட்டார்கள். அவள் அப்பாவுக்குச் சரயுவின் பழைய பாட்டு ஒன்று ஞாபகம் இருந்ததாம். "அதே குரல்தான், கொஞ்சம் கீழ இறங்கி உக்காந்திருக்கு" என்று சொன்னாராம். நல்ல விமர்சனம் என்று நினைத்தேன். சரயுவிடம் சொல்லலாம் என்று எண்ணை எடுத்தேன். ஆனால் எந்த உரிமையில் என்று தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

இந்த வேலைக்கு இப்போது பெண்கள் நிறையப் பேர் வருகிறார்கள். எங்கள் ஸ்டுடியோவிலேயே இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான். குரல் தாழ்ந்திருந்தால் தூக்குவதற்கு முன்னால், பாட்டு யாருடைய சுருதியில் இருக்கிறது என்று கேளுங்கள். பாடகர் வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருக்கலாம், நீங்கள் கேட்டுவிடுங்கள். டேக்குக்கு வெளியே எது கிடைத்தாலும், அது எத்தனை நன்றாக இருந்தாலும், பாடியவரைக் கேட்காமல் தொடாதீர்கள். கேட்டால் கை நழுவிப் போகலாம். அப்போதும் கேளுங்கள்.

எங்களிடம் நேரடியாகப் பதிவு நடக்கும்போது, இரண்டு டேக்குகளுக்கு நடுவில் நிறுத்திவிட வேண்டும் என்று நானே விதி வைத்திருக்கிறேன்; வெளியிலிருந்து ஃபைல் அனுப்புகிறவர்களிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன். "அப்படி நிறுத்தினா நல்ல பிட் ஏதாவது விட்டுப்போகுமே சேச்சி" என்றாள் புதிதாக வந்தவர்களில் ஒருத்தி.

"போகும்" என்றேன்.

ஃபைல்கள் இப்போது சிறியவையாக வருகின்றன. வேலை சீக்கிரம் முடிகிறது. நாள் முழுக்க என் அறையில் பாட்டு மட்டும்தான் கேட்கிறது. யாரும் பேசுவதில்லை.